வழியில் நிற்காத ஜீப்

கிழக்கு மாகாணத்திலேயே மிகவும் நம்பகமான டீசல் வாகனம் எங்கள் அலுவலகத்து ஜீப்தான். இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. கேடயம் தந்திருக்கிறார்கள். பணிப்பாளரின் கண்ணாடி அலுமாரிக்குள் அது இருக்கிறது. எங்கள் ஜீப் வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. கயிறு கட்டி இழுத்து வரப்பட்டதில்லை. ஒரு ஆணிகூட அதன் டயரைத் தொட்டதில்லை. வீதியில் இறங்கினால்தானே ஐயா இதெல்லாம் நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர்களைக் கரையோரக் குடிநீர்ச் சபை வேலைக்கு எடுப்பதில்லை. நான் கேட்டதில்லை. ஆனபடியால் திருகோணமலைக் கிளையில் போக்குவரத்து உத்தியோகத்தராக இருக்கிறேன்.

என் பெயர் சுகிர்தன். எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவன். நேர்முகப் பரீட்சையில் வாகனங்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். பஸ்ஸில் வந்தேன் என்றேன். அது காணும், போதும் என்றார்கள்.

ஜீப் வந்த கதையைச் சொல்ல வேண்டும். இலங்கைத்துறைப் பக்கத்தில் கோடை தொடங்கினால் கிணறுகள் உப்பாகிவிடும். கடைசித் துண்டு வழி முழுக்க மணல். சாதாரண லொறி போனால் புதைந்துவிடும். அதற்காக ஒரு வெளிநாட்டு நன்கொடையாளர், மணலிலும் சேற்றிலும் ஓடவென்றே செய்த ஒரு ஜீப்பையும், அது இழுத்துச் செல்ல, சில்லுப் பூட்டிய தண்ணீர்த் தாங்கியான ஒரு பவுசரையும் தந்தார். பவுசரின் கொளுக்கி அந்த ஜீப்புக்கு மட்டும்தான் பொருந்தும். ட்ராக்டரில் மாட்டிப் பார்த்தோம், மாட்டுப்படவில்லை.

இலங்கைத்துறை மாதர் சங்கத் தலைவியின் பெயர் கமலாதேவி. அவர் என் மனைவி நிரோஜினியின் தாய். அதாவது, அந்த ஊரின் தாகம் ஒவ்வொரு நாளும் விடியக்காலையில் என் வீட்டுப் போனில் மணி அடிக்கும்.

"தம்பி, தண்ணி வருமோ?"

"வரும் மாமி."

"எப்ப?"

"ஜீப் ஆயத்தமாகுது மாமி."

"கலியாணப் பொம்பிளைகூட வெளிக்கிட இவ்வளவு நேரம் எடுக்கமாட்டாள். இண்டைக்கும் தேத்தண்ணி உப்பு. சீனியைக் கூட்டிப் போட்டா ரெண்டும் வாய்க்குள்ள நிண்டு சண்டை பிடிக்குது. ஈச்சிலம்பற்றில இருந்து பெடியள் மோட்டார் சைக்கிளில கட்டிக்கொண்டு வாற தண்ணி பிள்ளையளுக்குத்தான் காணும். நாங்கள் இதைத்தான் குடிக்கிறம்."

"கவனிக்கிறன் மாமி" என்பேன். கவனிப்பதில் என்னை வெல்ல ஆளில்லை. அலுவலக யன்னலால் பார்த்தால் ஜீப் முழுமையாகத் தெரியும்.

அது ஏன் அலுவலக வளவுக்குள்ளேயே நின்றது என்றால், எங்கள் பணிப்பாளர் இராசையாவுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. முந்திய ஜீப் ஒருமுறை ஒரு மேலிடத்து மனிதரை ஏற்றிக்கொண்டு போய்க் கிண்ணியாப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பணிப்பாளர் அதற்கு விளக்கம் எழுதினார். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். அதையும் எழுதினார். தனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தது அந்தப் பாலத்தில்தான் என்று இன்றைக்கும் சொல்வார்.

"சுகிர்தன், சட்டத்தை வடிவாப் பாருங்கோ" என்றார் என்னிடம். "வாகனம் வழியில நிண்டா நாங்கள் விளக்கம் எழுத வேணும். வளவுக்குள்ள நிண்டா ஒருத்தரும் கேக்கமாட்டினம். அப்ப அது எங்க நிக்கிறது நல்லம்?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அரசாங்க உத்தியோகத்தில் என் ஒரே திறமை இப்படிச் சட்டென்று விளங்குவதுதான்.

இருந்தாலும் ஜீப்பை ஓடவிடாமல் வைத்திருக்கிறோம் என்று சொல்ல முடியாதல்லவா. தலைமையகத்திலிருந்து பிரகலாதன் என்ற நம்பகத்தன்மை ஆலோசகர் வந்தார். குழு ஒன்று அமைத்தார். வாகனம் சேவையில் இறங்குமுன் அதன் எஞ்சினில் என்னென்ன பழுதுகள் வரக்கூடும் என்று ஆராய்ந்து, ஒவ்வொன்றையும் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்றார். ஆராய்ச்சி என்னிடம் வந்தது, ஏனென்றால் என் போனில் டேட்டா இருந்தது.

அந்த வகை எஞ்சினை வைத்திருக்கிறவர்கள் உலகம் முழுக்க இருந்து எழுதித் தள்ளியிருந்தார்கள். நான் இரண்டு கிழமை அதை வாசித்தேன். இன்ஜெக்டர், டர்போ, கூலிங், வெப்பத்தில் வெடிக்கும் றப்பர்க் குழாய் என்று எனக்குத் தெரியாத சாமான்கள் எல்லாவற்றிலும் எனக்கு அபிப்பிராயம் வந்துவிட்டது. சாப்பிடும்போது நிரோஜினியிடம் டர்போவைப் பற்றிச் சொன்னேன். "சொதியை ஊத்துங்கோ" என்றாள். கூட்டத்தில் நான் எழுந்து வாசித்தபோது எல்லாரும் என்னை எஞ்சினியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அந்த மயக்கத்தில் வேறொரு கொம்பனியின் எஞ்சினுக்குரிய பழுதுகளையும் சேர்த்து வாசித்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கே வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

"தூசு உள்ளே போனால் டர்போ தேயும்" என்று வாசித்தேன்.

"அப்படியானால் கிறவல் வீதியில் செல்லக்கூடாது" என்றார் பிரகலாதன். குழு ஏற்றுக்கொண்டது.

"மணலில் இழுத்தால் எஞ்சின் கூடுதலாகச் சூடாகும்."

"மணல் தவிர்க்கப்படும்."

"பள்ளத்துத் தண்ணீருக்குள் இறங்கினால் காற்றுக் குழாயால் தண்ணீர் போகலாம்."

"தண்ணீர் தவிர்க்கப்படும்."

"உப்புக் காற்று பட்டால் வயர் முனைகள் கறள் பிடிக்கும்."

"கடற்கரை தவிர்க்கப்படும்."

ஜீப்புக்கு மிச்சம் இருந்தது கந்தளாய்ப் பக்கத்துத் தார் வீதி மட்டும்தான். அங்கே எங்கள் சபைக்கு வேலை இல்லை. பணிப்பாளர் கையை உயர்த்தி, தார் வீதியில் வேகத்தடை இருக்கிறதே என்றார். அதோடு தாரும் தவிர்க்கப்பட்டது. இவ்வளவு தெளிவாக ஒரு கூட்டம் முடிந்ததை நான் கண்டதில்லை. கடைசியில் ஜீப் நிற்கும் இடத்துக்குச் சிமெந்துத் தரையும் மேலே கூரையும் போடத் தீர்மானித்தோம். அந்த யோசனை என்னுடையது. கூரைக்கு நீல நிறம் என்று சொன்னதும் நான்தான்.

ஆனால் எஞ்சின் ஓடாமல் கிடந்தாலும் பழுதாகும் என்று அதே ஆட்கள் எழுதியிருந்தார்கள். அதற்குத்தான் காலை வைபவம். ஒவ்வொரு நாளும் அலுவலகம் தொடங்கியதும் நாங்கள் எல்லாரும் கூரையடியில் வரிசையாக நிற்போம். சாரதி லெஸ்லி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறுவார். எஞ்சின் உறுமும். பணிப்பாளர் பொனட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்போம். அவர் தலையாட்டினால் நாங்களும் தலையாட்டுவோம். தேத்தண்ணி வந்து, குடித்து, கோப்பையைக் கழுவி வைக்கும்வரை எஞ்சின் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். புகை கணக்குப் பகுதிக்குள் போகும். வெள்ளிக்கிழமைகளில் மாலையும் போடுவோம். எங்கள் ஊரில் மான்கள் வீதியில் திரிகிறவை. வெள்ளிக்கிழமையை அவை பழகிவிட்டன. மாலை போட்டுக் கையெடுக்குமுன் அதைத் தின்ன வந்து நிற்கும்.

லெஸ்லி சந்தோஷமாக இருந்தார். பின் சீற்றில் தலையணை வைத்திருந்தார்.

"ஓடாத வாகனத்துக்கு றைவரா இருக்கிற பாக்கியத்தைக் கர்த்தர் எல்லாருக்கும் குடுக்கமாட்டார் சேர்" என்பார். "பாளையூற்றுக் கோயிலில நேர்த்தி வைச்சனான்."

சில மாதங்களில் டாஷ்போட்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. நான் ஜீப்போடு வந்த கைநூலைப் புரட்டினேன். டீசல் புகையில் வருகிற கரியைப் பிடித்துவைக்க ஒரு பில்டர் இருக்கிறதாம். வாகனம் நல்ல சூட்டோடு நெடுந்தூரம் ஓடினால் அந்தக் கரி தானாக எரிந்துபோகும். நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தால் கரி சேர்ந்து அடைக்கும். விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான், வாகனத்தை வெளியே எடுத்து ஓட வேண்டும்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். பிரகலாதன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"விளக்கு எரியும் வாகனத்தை வீதியில் இறக்குவது விதிமுறைக்கு முரண்" என்றார்.

"ஓடினால்தான் விளக்கு அணையும் சேர்."

"அணைந்த பிறகு ஓடலாம்." பிறகு குழுவின் பக்கம் திரும்பினார். "விளக்கு எரிகிறது என்று பதற்றப்பட வேண்டாம். விளக்கு எரிகிறதென்றால் விளக்கு வேலை செய்கிறது என்று பொருள். இந்த வாகனத்தில் நல்ல நிலையில் உள்ள உறுப்புகளோடு இன்று ஒன்று கூடியிருக்கிறது. இதை நான் முன்னேற்றமாகவே பார்க்கிறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் கை மற்றவர்களுடையதை விடக் கொஞ்சம் முந்தி நின்றது, அவ்வளவுதான் என் எதிர்ப்பு.

அன்றைக்கு வீட்டில் நிரோஜினி எனக்குச் சோறு போட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்காம். உப்புத் தண்ணி குடிக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவராம். உங்கட ஜீப்புக்கு இப்ப சுகமோ?" எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சோற்றையும் சாப்பிட்டேன்.

அந்த வருடம்தான் கேடயம் கிடைத்தது. மாகாணத்தில் எந்த வாகனம் வழியில் பழுதாகாமல் இருந்ததோ அதற்குப் பரிசு. தினமும் தண்ணீர் கொண்டுபோன இன்னொரு கிளைக்கு, இத்தனை தடவை ஏன் நின்றது என்று எச்சரிக்கைக் கடிதம் போனது. பணிப்பாளர் ஏற்புரையில் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"சில கிளைகள் மக்களுக்காக வாகனத்தைப் பாவித்துப் பழுதாக்குகின்றன. நாங்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை. மக்கள் இன்றும் இருப்பார்கள், நாளையும் இருப்பார்கள். வாகனம் அப்படியல்ல. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்."

நன்கொடையாளர் ஒரு படம் கேட்டார். ஜீப், கேடயம், பயன்பெற்ற மக்கள், மூன்றும் ஒன்றாக. மக்கள் இருப்பது இலங்கைத்துறையில், ஜீப் இருப்பது கூரைக்குக் கீழே. பிரகலாதன் நெடுநேரம் யோசிக்கவில்லை. சபைச் செலவில் பஸ் ஒன்று பிடித்து மக்களை ஜீப்பிடம் கொண்டுவரும்படி சொன்னார். படம் இயல்பாக இருப்பதற்காக ஆளுக்கு இரண்டு வெறும் தண்ணீர்க் கலன்களோடு வரவேண்டும் என்றும் சொன்னார். மாமிக்குப் போன் எடுத்து இதைச் சொல்ல வேண்டியவன் நான்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "வெறும் கலனோ?" என்று கேட்டார்.

"ஓம் மாமி."

"சரி, வாறம்."

பஸ் வந்தது. பெண்கள் திருவிழாவுக்கு உடுத்துகிற சேலையில் இறங்கினார்கள். கை நிறையக் கலன்கள். மாமி முன்னால் வந்தார். கால் வீக்கம் செருப்பு வாருக்கு வெளியே தெரிந்தது. ஜீப்பைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தார். "நல்ல வடிவா வைச்சிருக்கிறியள் தம்பி" என்றார். அவர் ஏதாவது ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

படம் எடுக்க வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த றிப்தி. கமராவால் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சேர், பின்னுக்குச் சுவர்தான் தெரியுது. வாசல் கேற்றடிக்குக் கொண்டுவந்தா துறைமுகம் முழுக்க விழும். கப்பலும் நிக்குது. நீங்க நடுவில நிண்டா நல்லா இருக்கும்."

பணிப்பாளர் துறைமுகத்தைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். தலைமயிரைத் தடவினார். இத்தனை நாள் மணலும் சேறும் மக்களும் அசைக்க முடியாத மனிதரை அந்தக் கப்பல் அசைத்துவிட்டது. "கேற் மட்டும்தானே, எடுங்கோ லெஸ்லி" என்றார்.

லெஸ்லி தலையணையை எடுத்து வைத்துவிட்டு ஏறினார். ஜீப் சிமெந்துத் தரையை விட்டு இறங்கியது. மஞ்சள் விளக்கோடு ஒரு சிவப்பு விளக்கும் எரிந்தது. எஞ்சின் இருமியது, கறுப்பாக ஒரு மூச்சு விட்டது, முன் சில்லு இரண்டும் கேற்றைத் தாண்டிய இடத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு லெஸ்லி செபித்தும் கிளம்பவில்லை.

பணிப்பாளரின் முகத்தில் கிண்ணியாப் பாலம் தெரிந்தது. பிரகலாதன் அளவு நாடாவோடு ஓடிவந்து குந்தியிருந்து அளந்தார்.

"முன் சில்லுகள் வீதியில். பின் சில்லுகள் வளவில்" என்றார். "எஞ்சின் முன்பக்கம் இருக்கிறது. ஆனால் புகை போகும் குழாய் பின்பக்கம். அடைத்தது புகையின் பாதை. ஆகவே பழுது நிகழ்ந்த இடம் வளவு. வாகனம் வழியில் நிற்கவில்லை."

பணிப்பாளர் அவரைக் கட்டிப்பிடித்தார். என்னைக் குறிப்பெடுக்கச் சொன்னார். எடுத்தேன், அதுவும் நல்ல கையெழுத்தில்.

பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்பைக் கூரைக்குள் தள்ளிக்கொடுத்தார்கள். படம் அங்கேயே சுவரோடு எடுக்கப்பட்டது. முடிந்ததும் மாமி கலன்களைத் தூக்கிக்கொண்டு ஜீப் கழுவுகிற பைப்படிக்குப் போனார். டவுன் தண்ணீர், ஒருநாளும் வற்றாத பைப். மற்றப் பெண்கள் பின்னால் வரிசை நின்றார்கள்.

பணிப்பாளர் ஓடினார். "அம்மா, இதென்ன செய்யிறியள்? ஜீப் இல்லாம தண்ணி விநியோகிக்க எங்களுக்கு அனுமதி இல்லை."

"நீங்கள் விநியோகிக்க வேண்டாம் ஐயா" என்றார் மாமி, பைப்பை மூடாமல். "எங்களுக்குத் தாகம். குடிக்கிறம். மிச்சத்தை வீட்ட போய்க் குடிப்பம்."

பிரகலாதன் கைநூலைப் புரட்டிப் பார்த்தார். தாகத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நிரம்பிய கலன்களைப் பெண்கள் பஸ்ஸில் ஏற்றினார்கள். பணிப்பாளருக்குப் பக்கத்தில் நின்ற நான் என்னையறியாமல் இரண்டடி முன்னால் போய் ஒரு கலனைத் தூக்கப் பார்த்தேன். மாமி என் கையை மெல்ல விலக்கினார்.

"விடுங்கோ தம்பி. நீங்கள் உள்ளுக்க நில்லுங்கோ. வெளிக்கிட்டு வழியில ஏதும் ஆகிப்போனா விளக்கம் எழுத வேணுமெல்லோ."

பகிடியாகத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நீலக் கூரையையும் அதன் கீழ் மினுங்குகிற ஜீப்பையும் பார்த்தபோது, அவர் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குச் சுருக்கென்று தைத்தது. கலனைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். பணிப்பாளர் பின்னாலிருந்து கூப்பிட்டார். எனக்குக் காது கேட்டது, கால் கேட்கவில்லை.

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது பயமாக இருந்தது. பஸ் பழைய பஸ், எல்லாப் பக்கத்தாலும் புகைந்தது, ஒரு விளக்கும் எரியவில்லை, நிற்காமல் போனது. மூதூர் தாண்டி, சம்பூர்ப் பாதையை விட்டு, மணல் தொடங்குகிற இடத்தில்தான் நின்றது. அதற்கப்பால் தலையிலும் இடுப்பிலும் சுமந்துதான் போக வேண்டும். பெண்கள் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நானும் இரண்டு தூக்கினேன். மணலில் எஞ்சின் கூடுதலாகச் சூடாகும் என்று நான் வாசித்தது சரிதான். அரைவாசி வழியில் இடுப்பில் ஏதோ பிடித்தது. அப்படியே கலனோடு மணலில் குந்திவிட்டேன். எழும்ப ஏலவில்லை.

மாமி வந்து கலன்களை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு நிரோஜினிக்குப் போன் போட்டார்.

"பிள்ளை, உன்ர மனுசன் வழியில நிண்டிட்டார்." அந்தப் பக்கம் என்ன கேட்டாளோ தெரியாது. "இல்லை, இல்லை, பயப்பிடாத. ஏசவும் வேண்டாம். இவ்வளவு தூரம் வந்திட்டார்தானே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டேன். பிறகு இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்து என்னைக் கொண்டுபோனார்கள். என் உத்தியோக வாழ்க்கையில் கட்டி இழுத்துவரப்பட்டது அதுதான் முதல் தடவை.

மாமி வீட்டில் எண்ணெய் தடவி, பாயில் கிடத்தி, தேத்தண்ணி தந்தார்கள். மாமியும் ஒரு கோப்பையோடு பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு இன்னொரு வாய். சீனியும் உப்பும் சண்டை பிடிக்கவில்லை.

"தம்பி" என்றார், "அடுத்த கிழமையும் படம் எடுப்பியளோ?"

மறுநாள் வளைந்த இடுப்போடு அலுவலகம் போனேன். விளக்கம் கேட்கிற கடிதம் என் மேசையில் தயாராக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குள் போனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சேர், ஒரு சின்னப் பிரச்சினை" என்றேன். "நேற்றைய படத்தில உங்கட கண் மூடியிருக்காம்."

உண்மையில் மூடியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பணிப்பாளர் மெல்லத் திரும்பினார். அலுமாரிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார்.

"நன்கொடையாளருக்கு அப்படி அனுப்ப ஏலாது" என்றார்.

"ஏலாதுதான் சேர்."

"அப்ப அந்தச் சனத்தை இன்னொருக்கா வரச்சொல்லுங்கோ."

"கலனோடயோ சேர்?"

"கலன் இல்லாம என்ன படம் சுகிர்தன்? ஆளுக்கு நாலு கொண்டுவரச் சொல்லுங்கோ. படம் நிறைவா இருக்கட்டும்."